ஐசியூவில் கேட்ட மாவு மில் சத்தம்

காவிரிப் படுகையில் ஒரு சிற்றூரிலிருந்து 43 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் மருத்துவமனையும் இங்கே வராது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

மழை நாளில் வாசற்படி வழுக்கி விழுந்ததில் அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தனியார் மருத்துவமனையில் பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஐந்தாம் நாள் காலை, வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் போய்த் திரும்பியவருக்குக் கட்டிலை எட்டுவதற்குள் மூச்சு முட்டியது. "கேஸா இருக்கும், வெந்நீர் குடிங்க" என்றாராம் வார்டு சிஸ்டர். டூட்டி டாக்டர் வந்து பார்த்தபோது நாற்பது நிமிடம் ஆகிவிட்டது என்கிறார் கணவர். அதற்குள் உதடு கறுத்துவிட்டது. அப்புறம் ஐசியூ, தொண்டையில் குழாய், நான்கு நாள் வென்டிலேட்டர். இணைத்து அனுப்பிய டிஸ்சார்ஜ் சம்மரியில் காரணம் தெளிவாக இருக்கிறது: காலில் உறைந்த இரத்தக்கட்டி நகர்ந்துபோய் நுரையீரல் தமனியை அடைத்திருக்கிறது.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இப்போது அவரால் இருட்டில் படுக்க முடியவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மூச்சு நின்றுவிட்டது போல எழுந்து உட்காருகிறார். கையில் எப்போதும் பல்ஸ் ஆக்சிமீட்டர். ஐசியூவில் பச்சை உடுப்புப் பெண்கள் இருவர் தன் தாலியை அறுத்ததையும், தன்னை மாவு மில்லுக்குள் அடைத்துத் தொண்டையில் தண்ணீர் ஊற்றியதையும் கண்ணால் பார்த்ததாக எழுதுகிறார். வீட்டில் சொன்னால், "பிழைச்சு வந்ததே பெருசு, அதையே நெனச்சுக்கிட்டு" என்கிறார் மாமியார். கணவர் எழுந்து வெளியே போய்விடுகிறார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? என்னைக் கேட்காமல் கணவர் கையெழுத்துப் போட்டது சரியா? மருத்துவமனை மேல் வழக்குப் போடலாமா? மறுபடி வருமா, வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கவா? இவைதான் அவருடைய கேள்விகள்.

ஏழாம் பக்க ஓரத்தில் பென்சிலால் இன்னொரு வரி இருந்தது. அதைக் கேள்வியாக அவர் எழுதவில்லை. "தூரம் ரொம்பப் போனதால ரத்தம் கரையற மாத்திரைய ஒம்போது நாளா நிறுத்திட்டேன், இப்ப பரவால்ல."

பென்சில் வரி

அம்மா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே இந்த ஒரு வரிக்கு மட்டும் தனியாகப் பதில் அனுப்பினேன். இதே தவறை இன்னும் எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பயப்படும் விஷயங்கள் நிறைய. அவற்றில் பலவும் இனி உங்கள் உயிருக்கு ஆபத்தில்லாதவை. நீங்கள் பயப்படாமல் போகிறபோக்கில் எழுதிய இந்த வரியில்தான் ஆபத்து இருக்கிறது. பெயர் இரத்தம் கரைக்கும் மாத்திரை என்றாலும் அது இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை, கட்டியையும் கரைப்பதில்லை. இருக்கும் கட்டி வளராமலும் புதிதாக ஒன்று உண்டாகாமலும் தடுக்கிறது. கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பது உடம்பே பார்த்துக்கொள்ளும் வேலை. அதற்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் போடச் சொல்வது அதனால்தான். உங்களுக்கு எழுதியிருக்கும் ரிவரோக்சபான் ஒரு நாள் போடாவிட்டாலே அதன் காவல் போய்விடும். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டாகச் சேர்த்தும் விழுங்கக்கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரை அன்றைக்கே கூப்பிட்டுக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

மாதவிடாய் அதிகம் போனது உங்கள் கற்பனை இல்லை. இந்த மாத்திரை போடும் பெண்கள் பலருக்கு வரும் தொந்தரவு இது. எழுதிக் கொடுக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் ஆட்களின் குறை. இதற்கு வழி உண்டு. இதே வகையில் இரத்தப்போக்கு குறைவாக இருக்கும் வேறு மாத்திரைக்கு மாற்றலாம், மகப்பேறு மருத்துவர் சேர்ந்து பார்க்கலாம். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கக்கூடாதவை மூன்று: போக்கை நிறுத்தும் மாத்திரை, கோயில் விசேஷத்துக்காகத் தள்ளிப்போடும் மாத்திரை, கால் வலிக்கு டைக்ளோஃபெனாக். முதல் இரண்டும் இரத்தக்கட்டிக்கு இடம் கொடுக்கும். மூன்றாவது, கட்டி தடுக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியவைக்கும்.

ஹீமோகுளோபினையும் பாருங்கள். மாடி ஏறினால் இளைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் ஒரு பங்கு நுரையீரலுடையதாக இல்லாமல் இரத்தசோகையுடையதாக இருக்கலாம்.

மாவு மில்லும் தாலியும்

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. ஐசியூவில் உங்களுக்கு வந்தது டெலிரியம். ஆக்சிஜன் குறைந்த உடம்பு, மயக்க ஊசி, இரவு பகல் தெரியாமல் எந்நேரமும் எரியும் விளக்கு, துண்டு துண்டான தூக்கம் எல்லாம் சேர்ந்து மூளையைக் குழப்பிவிடும். வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் இது மிக மிகச் சாதாரணம். இதை மனநோய் என்று சொல்ல முடியாது. நுரையீரல், சிறுநீரகம் போல மூளையும் அந்த நாட்களில் தடுமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

குழம்பிய மூளை சும்மா இருப்பதில்லை. அரைகுறையாக வந்து சேரும் சத்தத்தையும் தொடுதலையும் வைத்து ஒரு கதை கட்டிவிடும். நான் அந்த அறையில் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட அறைகளில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட நின்றிருக்கிறேன், அதனால் ஊகிக்க முடிகிறது. மாவு மில் சத்தம், தலைமாட்டில் ஓடிய வென்டிலேட்டரும், படுக்கைப்புண் வராமலிருக்க உங்களுக்குக் கீழே போட்ட காற்று மெத்தையின் மோட்டாரும். தொண்டையில் தண்ணீர் ஊற்றியது, குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுத்தது. சக்‌ஷன் போடும் அந்தச் சில விநாடிகள் மூழ்குவது போலவே இருக்கும், பிழைத்த பலர் சொல்லியிருக்கிறார்கள். கையைக் கட்டிப் போட்டார்கள் என்கிறீர்களே, அது நிஜம். அரைமயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிடாமலிருக்கத் துணியால் கட்டுவார்கள். ஏன் கட்டுகிறோம் என்று காதோரம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கட்டினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கும் தோன்றும்.

தாலி. அதை எடுத்ததும் நிஜம்தான். ஸ்கேனுக்குப் போகுமுன் கழுத்தில் இருப்பதைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துத் தன்னிடம் கொடுத்ததாகக் கணவரே சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாளும் அது அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் கை கழுத்துக்கு வந்தபோது நம் ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் மூளை வேறு எந்தக் கதையைக் கட்டும்? கணவர் போய்விட்டார் என்று நான்கு நாள் நம்பிக் கிடந்தேன், அழக்கூடக் குரல் வரவில்லை என்கிறீர்கள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

குரல் வராததற்குக் காரணம் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவது. பேச்சு மூச்சு இல்லை என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். வென்டிலேட்டரில் மூச்சு இருக்கும், பேச்சு இருக்காது. கேட்டும் தண்ணீர் தராததற்கும் அதே குழாய்தான் காரணம். விழுங்கத் தெரியாத நிலையில் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இன்னும் குரல் கரகரப்பாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மாதம் ஆகிவிட்டதால் ஒருமுறை காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கொத்துக் கொத்தாக முடி கொட்டுவது கடும் நோய்க்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வருவதுதான். திரும்ப வளரும்.

நடந்தவை மங்கலாகவும் நடக்காதவை நேற்றுப் போலத் தெளிவாகவும் இருக்கின்றன என்று வியந்திருக்கிறீர்கள். இது உங்களுக்கு மட்டும் இல்லை. டெலிரியத்தில் கண்டவை பிசுக்குப் போல ஒட்டிக்கொள்ளும். வெறுமனே மறக்கச் சொன்னால் போகாது. அந்த இடத்தில் உண்மையில் நடந்ததைக் கொண்டுவந்து வைக்க வேண்டும். ஸ்காண்டிநேவிய நாடுகளின் ஐசியூக்களில் இதற்கென்றே ஒரு வழக்கம் உண்டு. நோயாளி மயக்கத்தில் இருக்கும் நாட்களில் நர்ஸ்களும் குடும்பத்தாரும் ஒரு நோட்டில் அன்றன்று நடந்ததை எழுதி வைத்து, பிழைத்து வந்தபின் அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். உங்களுக்கு யாரும் எழுதவில்லை. ஆனாலும் எழுதப்படாத நோட்டு ஒன்று உங்கள் வீட்டில் இருக்கிறது. மணிக்கொரு தரம் ஓடி ஓடி வாங்கிய மருந்துச் சீட்டுகளிலும் பில்களிலும் தேதியும் நேரமும் இருக்கும். கணவரின் போனில் யாருக்கு எப்போது பேசினார் என்பது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பாயில் பரப்பி வரிசைப்படுத்துங்கள்.

அந்தக் கையெழுத்து

கணவர் மேல் உள்ள கோபத்தைப் பற்றி. அவர் கையெழுத்துப் போடாமல் இருந்தாலும் அந்த நேரத்தில் மருத்துவர்கள் குழாய் போட்டிருப்பார்கள், போட்டிருக்கவும் வேண்டும். சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும் என்பதை 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது. உயிரைக் காப்பாற்ற உடனே செய்ய வேண்டியதற்கு அதே தீர்ப்பு விலக்கும் கொடுத்தது. உதடு கறுத்து, இரத்த அழுத்தம் இறங்கிப்போன உங்களிடம் யாரும் கேட்டிருக்க முடியாது. ஆகவே உங்களை மெஷினில் போட்டது அவருடைய கையெழுத்து என்ற நினைப்பு சரியில்லை.

2021 மே மாதம் உங்கள் சித்தப்பா வென்டிலேட்டரிலிருந்து திரும்பி வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் அந்தக் காகிதம் நீட்டப்பட்டபோது உங்கள் கணவர் எதைப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர் அக்கறை இல்லாமல் போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஐசியூ வாசலில் பெஞ்சில் கிடந்தவர்களுக்கும் தூக்கம் கெடுவது, அந்த நினைப்பே வரக்கூடாது என்று ஒதுங்குவது எல்லாம் வரும். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்காமல், அந்த நாலு நாளும் நீ எங்கே படுத்தாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு வார்த்தை வென்டிலேட்டர் பற்றியும். அது சாவுக்கு முந்தின படி என்ற எண்ணம் கோவிட் காலத்தில் நம் வீடுகளில் ஆழமாக இறங்கிவிட்டது. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவி மூச்சுத் தசைகள் செயலிழந்தபோது, மருத்துவ மாணவர்கள் ஷிப்ட் போட்டு இரவும் பகலும் கையால் பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஐசியூ. உங்களுக்கும் அது செய்தது அந்த மாணவர்களின் வேலையைத்தான்: உடம்பு சமாளித்துக்கொள்ளும்வரை நான்கு நாள் பை அமுக்கியது.

விடியற்காலை மூன்று மணி

எழுந்து உட்காரும்போது நெஞ்சு படபடக்கிறது, விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன, மீட்டரில் 97 காட்டுகிறது, பத்து நிமிடத்தில் அடங்குகிறது. நீங்கள் எழுதிய இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் இது பெரும்பாலும் பயத்தின் மூச்சு. பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறிவிடுகிறது. விரல் மரப்பது அதனால். காற்று போதவில்லை என்று தோன்றும், உண்மையில் தேவைக்கு மேல் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். "பெரும்பாலும்" என்று எழுதியதற்குக் காரணம் அந்த ஒன்பது நாள். மருத்துவர் நேரில் பார்த்துக் காலையும் நெஞ்சையும் சோதித்தபிறகே அந்தச் சொல்லை எடுக்க முடியும்.

அந்த நேரத்தில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சற்று முன்னால் சாய்ந்து, முழங்கை இரண்டையும் தொடைமேல் ஊன்றுங்கள். டபராவில் சூடான காபியை ஊதுவது போல உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும். பனையோலை விசிறியால் முகத்தில் காற்றுப் படும்படி வீசிக்கொள்ளுங்கள். பாட்டி வைத்தியம் மாதிரி இருக்கும். ஆனால் முகத்தில் படும் குளிர்ந்த காற்று மூச்சுத் திணறும் உணர்வைக் குறைக்கிறது என்பது சோதித்துப் பார்த்த விஷயம்.

மீட்டரைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று வைத்துக்கொண்டு, இரவில் பீரோவில் பூட்டிவிடுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலும் நெயில் பாலிஷ், அடர்ந்த மருதாணி இருந்தாலும் அது தப்பாகக் காட்டும். ஒன்றிரண்டு எண் ஏறி இறங்குவது கருவியின் சுபாவம். ஆக்சிஜன் சிலிண்டர் தேவையில்லை. 97 இருப்பவருக்கு அது எதையும் கூட்டித் தராது. சாமி விளக்கு எரியும் வீட்டில் தீ ஆபத்து வேறு.

ஆனால் இவற்றில் ஒன்று வந்தாலும் விசிறியைத் தேடாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்: திடீரென்று வந்து அடங்காத மூச்சிரைப்பு, மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம், மீட்டரில் சூடான விரலிலும் 94க்குக் கீழே நிற்பது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பயத்துக்கும் வைத்தியம் உண்டு. ஐசியூவிலிருந்து வந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இப்படிப் பழைய காட்சி திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிறது. மாமியார் கட்டிய தாயத்து இருக்கட்டும், அது எந்த மருந்தோடும் சண்டை போடாது. கூடவே அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்குப் போய் வாருங்கள். இந்த வகைப் பயத்துக்கென்றே பேச்சு முறைச் சிகிச்சை இருக்கிறது. போக முடியாத நாளில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். பக்கத்து வீட்டில் யாரோ போடும் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கிப் போடாதீர்கள்.

மறுபடி வருமா? ஆபரேஷனும் படுக்கையும் காரணமாக வந்த கட்டி இது. காரணம் போய், மருந்தும் சரியாக முடிந்தால், திரும்ப வரும் வாய்ப்பு ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான். அடுத்து எந்த ஆபரேஷன் என்றாலும், பல்லுக்குப் போனாலும், எனக்கு நுரையீரலில் இரத்தக்கட்டி வந்தது என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். மூன்று மாதம் முடிந்தும் இளைப்பு குறையாவிட்டால் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு சிலருக்குக் கட்டி முழுதாகக் கரையாமல் தங்கிவிடுவதுண்டு.

கேஸ் என்றது கேஸ் ஆகுமா

நான் வக்கீல் இல்லை. மருத்துவர் பக்கத்து ஆள் என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கலாம், அதையும் கணக்கில் வைத்தே படியுங்கள்.

கட்டி வந்ததே தவறுக்குச் சாட்சி என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. இரத்தக்கட்டி வராமல் தடுக்கும் ஊசி போட்டவர்களுக்கும் வருகிறது. தவிர, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த எல்லோருக்கும் ஊசி போட வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து கிடையாது. என் கண்ணில் கனமாகப் படுவது அந்த நாற்பது நிமிடம். ஆபரேஷனாகி ஐந்து நாள் படுத்திருந்தவர் எழுந்து நடந்ததும் மூச்சு முட்டுகிறது என்றால், நாடியும் ஆக்சிஜனும் பார்க்காமல் கேஸ் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நம் வார்டுகளில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையில் வரும் எல்லாவற்றுக்கும் கேஸ் என்று பேர் வைத்துவிடுகிறோம். பாதி நேரம் நோயாளியே அந்தப் பேரோடுதான் வருகிறார்.

ஆனால் நாற்பது என்பது இப்போதைக்குக் கணவரின் நினைவு மட்டுமே. காகிதம் வேண்டும். உள்நோயாளியின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும், மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காதீர்கள். முழு கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்புகள், நாடி, இரத்த அழுத்தம் எழுதிய சார்ட், ஐசியூ சார்ட் எல்லாம் என்று பட்டியலிட்டு எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். சார்ட்டில் உள்ள நேரங்களை உங்கள் மருந்துக்கடை பில்களோடு ஒப்பிடலாம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பணம் கட்டிய சிகிச்சை என்பதால் உங்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றி மாநில மருத்துவ கவுன்சிலுக்கு எழுதலாம். குற்ற வழக்கு என்பது வேறு உயரம்: 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு மிகக் கடுமையான அலட்சியம் இருக்க வேண்டும் என்றது. பதிவுகளைச் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரிடம் காட்டிய பிறகு வக்கீலிடம் போவது என் யோசனை. அதற்கு முன் மருத்துவமனையில் நேரம் கேட்டு உட்கார்ந்து, அந்தக் காலை என்ன நடந்தது என்று கேளுங்கள். நேர்மையாகப் பதில் சொல்லும் இடங்களும் இருக்கின்றன. மழுப்பினால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

போன அன்று மனம் ஒப்பினால், ஐசியூ சிஸ்டரிடம் கேட்டு நீங்கள் கிடந்த கட்டிலை ஒரு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள். அந்த மெத்தையின் மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். அவசரமில்லை, இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதம்.

கடைசியாக உங்கள் மகள். பன்னிரண்டு வயதுக் குழந்தை ராத்திரியில் எழுந்து உங்கள் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறாள், தூங்குவது போல நடிக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நடிக்க வேண்டாம். கண்ணைத் திறந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டதைக் காட்டுங்கள். அம்மாவுக்கு மூச்சு முட்டினால் அப்பாவை எழுப்ப வேண்டும், 108க்குப் போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான் உன் வேலை, ராத்திரி காவல் உன் வேலையில்லை என்று சொல்லிப் படுக்க வையுங்கள்.